ஜெஞ்சாரோம் கிளினிக்கின் மேலட்டை

ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். நேற்றைய டயரிப் பக்கத்தைப் படித்தேன். பல வருடங்களாக என் காலை இந்த வரிசையில்தான் தொடங்குகிறது: முதலில் நேற்றைய பக்கம், பிறகு பல் துலக்குவது, பிறகு காப்பி. செய்ய மறந்தது ஏதாவது இருந்தால் அந்தப் பக்கத்தில் அகப்பட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று குறிப்புகள் இருந்தன. விமானம் நாற்பது நிமிடம் தாமதம். அறையில் சோப்பு இல்லை. ஷெட் விஷயம் முருகேசனிடம் சொல்லியாயிற்று. சோப்பு வாங்கக் கீழே இறங்கினேன்.

திண்டுக்கல்லில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் மருத்துவப் பதிவேடுகள் பிரிவுக்கு நான் பொறுப்பு. எங்களுடையது உட்பட நான்கு மருத்துவமனைகள் சேர்ந்து நோயாளிகளின் கோப்புகளைக் கணினி வழியாகப் பகிர்ந்துகொள்கிறோம். நத்தத்தில் எடுத்த எக்ஸ்ரேயை எங்கள் டாக்டர் திண்டுக்கல்லில் உட்கார்ந்து பார்க்கலாம். இப்போது இதுபோன்ற சிறு இணைப்புகளையெல்லாம் கோத்து மாநிலம் முழுவதற்கும் ஒன்றாக்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. நாங்கள் சேரலாமா என்று நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். வேண்டாம் என்பதுதான் என் எண்ணமாக இருந்தது. பெரிய இடத்தில் கலந்தால் நம் ஒழுங்கு போய்விடும் என்று நினைத்தேன். மலாய் நாட்டில், சிலாங்கூர் மாநிலத்தில் சின்னச் சின்ன கிளினிக்குகள் இதைச் செய்திருக்கின்றன, பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று நிர்வாகம் அனுப்பி வைத்தது.

ஷெட் விஷயம் இதுதான். பழைய கோப்புகளின் உள்தாள்களை ஸ்கேன் செய்து முடித்துவிட்டோம். கழற்றிய மேலட்டைகள் பின்னாலிருந்த தகர ஷெட்டில் குவிந்து கிடந்தன. சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு முன் ஷெட் காலியாக வேண்டும். வியாழன் காலை பழைய பேப்பர்காரரின் வண்டி வரும், எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள் என்று என் உதவியாளர் முருகேசனிடம் கையெழுத்திட்ட தாளைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். வேலையை முடித்துவிட்டுக் கிளம்பியதில் எனக்கு ஒரு திருப்தி.

நான் தங்கியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸில் ஏழு மணி வரை விடியவில்லை. எங்கள் ஊரில் ஏழு மணி என்றால் வெயில் வாசலைத் தாண்டியிருக்கும். இங்கேயும் சுதந்திர மாதம் என்பதால் கடைக்குக் கடை கொடி தொங்கியது. நடைபாதை நெடுகிலும் மஞ்சள் நிறத்தில் மேடுபட்ட கற்கள் பதித்திருக்கிறார்கள். பார்வையற்றவர்கள் கோலால் தடவிக்கொண்டு நடப்பதற்காக. ஒரு பூக்கடைக்காரர் தன் தண்ணீர் வாளி அந்தக் கல்லின் மேல் நான்கு விரற்கடை ஏறியிருப்பதைப் பார்த்துக் காலால் தள்ளி வைத்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதை அன்றைய முதல் குறிப்பாக எழுதினேன்.

காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பரிமாறுபவர் கேட்டார், "தண்ணி என்னாக்கா?"

"சாதாரணத் தண்ணிதான்."

"அது சரி லா. காப்பியா, தேயா, பார்லியா?"

இங்கே குடிப்பதெல்லாம் தண்ணிதான், பேச்சின் கடைசியில் ஒரு 'லா'வும் உண்டு. காப்பி சொன்னேன். அடியில் அரை அங்குலத்துக்குக் கெட்டிப் பாலோடு வந்தது. கலக்காமல் மேலே இருந்ததை மட்டும் குடித்தேன். தோசை நம் ஊர்த் தோசைதான். சாம்பாரில் மட்டும் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு பெரிதாகக் கிடந்தது.

எனக்கு வழிகாட்ட வந்தவர் திலகவதி, சுருக்கமாகத் திலகா. கிள்ளான் வட்டாரக் கிளினிக்குகளின் இணைப்புக்கு அவர் பொறுப்பு. நாற்பத்தைந்து வயதிருக்கும், வேகமாக நடப்பவர். அன்று பகல் முழுவதும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்து பார்த்தோம். வருகிறவர் அடையாள அட்டையை நீட்டுகிறார். எழுத்தர் எண்ணைத் தட்டுகிறார். திரையில் வருவது நோயாளியின் கோப்பு அல்ல, அவருக்கு எந்தெந்த ஊரில் கோப்பு இருக்கிறது என்ற பட்டியல். நோயாளி சம்மதித்தால் அந்த ஊர்க் கிளினிக்கிலிருந்து கோப்பு திறக்கிறது.

"அப்போ மாநில அலுவலகத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

"விலாசம் மட்டும்தான்கா. யார் வூட்டு சாமான் எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். சாமான் அந்தந்த வூட்டுலதான். எங்க கோப்ப எங்ககிட்ட இருந்து யாரும் தூக்கிட்டுப் போக முடியாது லா."

எங்கள் ஊரில் நோயாளிகள் ஜவுளிக்கடைப் பைகளில் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, பத்து வருடத்து மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் சுமந்து வருவார்கள். அன்று மாலை வரை அந்தக் கிளினிக்குக்கு ஒருவர்கூடப் பையோடு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கிள்ளானுக்கு ரயில். பெண்களுக்கான பெட்டியில் இடம் பிடித்து உட்கார்ந்து, நேரத்தையும் எழுதிக்கொண்டேன். எதிரே காய்கறிப் பையோடு இருந்த பெண் என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"கிள்ளானா எழுதியிருக்கீங்க? அக்கா, இது சிரம்பான் போற ரயிலு. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பிப் போங்க."

திரும்பினேன். முப்பத்தைந்து நிமிடம் வீண். பலகையில் சரியாகத்தான் போட்டிருந்தது. தவறு என்னுடையது என்று டயரியில் சேர்த்தேன்.

திலகாவின் அலுவலகம் கிள்ளானில் ஒரு புடவைக்கடையின் மாடியில் இருக்கிறது. படியேறும்போதே கீழ்க்கடையின் பாட்டும் எதிர்க்கடையின் பாட்டும் மோதிக்கொள்கின்றன. ஒவ்வொரு செவ்வாயும் பதினொன்றரைக்கு அங்கே ஒரு கூட்டம். மூன்று வட்டாரங்களிலிருந்து ஆறு பேர். பொறியாளர்கள் இல்லை, டாக்டர்கள் இல்லை. எல்லாரும் கிளினிக்குகளில் பதிவு எழுதும் எழுத்தர்கள். இயந்திரத்துக்குக் குழப்பமாகத் தோன்றும் கோப்புகளை அது யாருக்கும் காட்டாமல் தனியே எடுத்து வைத்துவிடுகிறது. அவற்றுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'யாருமில்லா ஃபைல்'. எழுதியவர்களே உட்கார்ந்து அது யாருடையது என்று தீர்க்கிறார்கள். பெயரை மறைத்துத்தான் திரையில் போடுகிறார்கள். வேலை முடியும் வரை சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது சட்டம்.

ஆறாவது கோப்பு வந்ததும் அறையில் சிரிப்பு எழுந்தது. ஆண், வயது ஐம்பத்தெட்டு, தொழில் லோரி ஓட்டுநர், ஏழு மாதக் கர்ப்பம், இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்பட்டது.

சுங்கை வேயிலிருந்து வந்திருந்த ஃபைசல் மலாயில் ஏதோ சொன்னார். திலகா எனக்கு மொழிபெயர்த்தார்: "அந்த ஆளுக்குக் கனமான சாமான் தூக்க வேண்டாம்னு யாராச்சும் சொல்லுங்கன்றாரு."

அது ஜெஞ்சாரோம் என்ற ஊரில் ஒரு கிளினிக்கின் கோப்பு. அங்கிருந்து மட்டும் இப்படிப் பல வந்திருந்தன. அந்தக் கிளினிக்கின் எழுத்தர் ஆன்டி மெய் அன்று வரவில்லை. எழுதியவர் இல்லாமல் தீர்க்கக் கூடாது என்பதும் சட்டம்.

"அடுத்த செவ்வாய் பாத்துக்கலாம் லா. ஏழு மாசம்தானே, இன்னும் ரெண்டு மாசம் இருக்கு," என்றார் திலகா. பொட்டலங்கள் பிரிக்கப்பட்டன. பாகற்காய் வறுவல், ரசம், வாழையிலை வாசனை. நான் என் நோட்டில் எழுதினேன்: ஜெஞ்சாரோம், ஆண், ஏழு மாதம், அடுத்த வாரத்துக்கு ஒத்திவைப்பு. பெயர் தெரியாது, தெரிந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

புதன்கிழமை கிள்ளானில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் நோயாளியைப் பரிசோதிக்கும் அறையில், இந்த இணைப்பு நர்சுக்கு எப்படிப் பயன்படுகிறது என்று எனக்குக் காட்ட ஏற்பாடு. அங்கே இருந்தவர் புஷ்பா. மேரு என்ற ஊரிலிருந்து வந்திருந்தார். பித்தப்பையில் கல். மறுநாள் காலை எட்டு மணிக்கு அறுவை. நான் உடனிருந்து பார்க்கலாமா என்று நர்ஸ் கேட்டதற்கு, "இருக்கட்டும், ஊர்லேர்ந்து வந்திருக்காங்க, பாவம்," என்றார். பக்கத்தில் அவர் கணவர் குணசேகரன் என்கிற குணா, அகலமான மனிதர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாதா என்று நர்ஸ் கேட்டார்.

"ஒண்ணு இருக்கு," என்றார் புஷ்பா. "ஜெஞ்சாரோம் பக்கம் எஸ்டேட்ல இருந்தப்போ கிளினிக்ல ஒரு ஊசி போட்டாங்க. மூஞ்சி வீங்கி மூச்சே வரல. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாங்க. இனிமே அத தொடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. பேரு தெரியாது. எழுதிக் குடுத்த சீட்டு வெள்ளத்துல போச்சு."

நர்ஸ் எண்ணைத் தட்டினார். திரையில் ஜெஞ்சாரோம் இல்லை. மேருவில் இரண்டு வருகைகள், இந்த மருத்துவமனை, அவ்வளவுதான். மயக்க மருந்து டாக்டர் வந்தார், நிதானமான பெண்மணி. கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார்: எந்த மருந்து என்று மாலை ஐந்து மணிக்குள் தெரிந்தால் நாளைக்குச் செய்யலாம். தெரியாவிட்டால் ஊகித்துச் செய்யமாட்டேன். வேறு நாள் பார்ப்போம்.

"ரெண்டு வாட்டி நாள் தள்ளியாச்சு," என்றார் புஷ்பா. கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது. "ரெண்டு மாசமா கஞ்சிதான்கா. மறுபடி தள்ளுனா நான் வரவே மாட்டேன், செத்தாலும் வூட்டுலயே."

திலகாவின் முகம் சிவந்திருந்தது. "ஜெஞ்சாரோம் சேந்து ஆறு மாசம் ஆச்சு. வரணுமே."

என் பையிலிருந்து நோட்டை எடுத்து நேற்றைய பக்கத்தை அவரிடம் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டுக் குணாவைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க என்னா வேலை?"

"லோரி ஓட்டுறேன். பாம் கொட்டை லோரி."

"அந்தக் கிளினிக்ல உங்க வூட்டுல எத்தனை கார்டு?"

"ஒண்ணுதான். என் பேர்ல. அஞ்சு பேருக்கும் சேத்து."

அதுதான் வழக்கமாம். எஸ்டேட் குடும்பங்களுக்குக் கிளினிக்கில் ஒரே கோப்பு, அப்பா எண்ணில். மனைவி, பிள்ளைகள், காய்ச்சல், பிரசவம், தடுப்பூசி எல்லாம் ஒரே அட்டைக்குள். டாக்டருக்கு அந்தக் குடும்பமே தெரியும் என்பதால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. அதை அப்படியே கணினியில் ஏற்றியபோது ஐந்து பேரும் ஓர் ஆண் ஆகிவிட்டார்கள். இயந்திரம் குழம்பி எடுத்து வைத்துவிட்டது. நாங்கள் சிரித்துவிட்டு ஒத்திவைத்தோம்.

அங்கேயே ஒரு கணினியில் தன் கடவுச்சொல்லைப் போட்டு, குணாவின் கையெழுத்தையும் புஷ்பாவின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு, திலகா அந்தக் கோப்பைத் திறந்தார். உள்தாள்கள் வரிசையாக வந்தன. அந்த ஊசியின் நாளும் இருந்தது. டாக்டரின் கையெழுத்தில் இரண்டே வார்த்தை. மேலட்டையைப் பார்க்கவும்.

மேலட்டையை யாரும் ஸ்கேன் செய்திருக்கவில்லை.

ஜெஞ்சாரோமுக்குப் போன் செய்தார். ஆன்டி மெய் எடுத்தார். ஒலியைக் கூட்டியிருந்ததால் எங்களுக்கும் கேட்டது. பேச்சு மலாய், நடுநடுவே தமிழ்.

"கோப்பு இருக்கு. போன்ல படிக்க மாட்டேன்."

"ஆன்டி, அவசரம்."

"நீதானே சட்டம் போட்ட, போன்ல மருந்து பேரு சொல்லக் கூடாதுன்னு? போட்டோவும் எடுக்கக் கூடாது. நான் கையெழுத்துப் போட்டேன்ல. வா, வந்து பாரு."

திலகா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் போட்ட சட்டம்தான்," என்றார்.

ஒன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். திலகா ஓட்ட, நான் முன்னால், குணா பின் இருக்கையில் இரண்டு பேர் இடத்தில். அவர் கையெழுத்தில்லாமல் ஆன்டி மெய் கோப்பைக் காட்டமாட்டார்.

"சிஸ்டர், மூணாவது கியர் போடுங்க. இன்ஜின் அழுவுது."

"இது ஆட்டோ கியர்ணே."

"அப்போ அதுக்கே பயம் போல."

சிறிது நேரம் கழித்துத் திலகா பழிதீர்த்தார். "அக்கா, நேத்து பாத்தோம்ல ஏழு மாசம், இந்த அண்ணன்தான்."

குணா தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். "ஏழு இல்ல, எட்டு இருக்கும்," என்றார். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. "அவ பேர்ல ஒரு கார்டு தனியா போட்டிருக்கலாம். கேக்கத் தோணல," என்று அவராகவே சொன்னார்.

கிளினிக் ஒரு மளிகைக்கடைக்கும் நகல் எடுக்கும் கடைக்கும் நடுவில் இருந்தது. ஆன்டி மெய் அறுபது வயதுச் சீனப் பெண்மணி, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். குணாவைப் பார்த்ததும் தமிழில், "டேய் குணா, வந்துட்டியா. புஷ்பா எப்படி இருக்கு? மூத்தவனுக்கு மூச்சிரைப்பு நின்னுச்சா?" என்றார். கணினியில் ஓர் ஆணாகிப்போன ஐந்து பேரும் அவருக்கு ஐந்து பேராகவே இருந்தார்கள்.

கோப்பு தயாராக மேசைமேல் இருந்தது. மேலட்டையில் பெரிய எழுத்துகளில், சிவப்பு மையில், மலாயில் 'மனைவி' என்றும், அதற்குக் கீழே கோடிட்டு 'டைக்லோஃபெனாக், ஊசி, ஆபத்து' என்றும் எழுதியிருந்தது.

"டாக்டர் கோப்பத் தொறக்கறதுக்கு முன்னாடி பாக்கணும்னுதான் மேல எழுதுனேன்," என்றார் ஆன்டி மெய். "உள்ள எழுதுனா யாரு படிப்பா? ஸ்கேன் பண்ண வந்த பசங்க அட்டையக் கழட்டிப் போட்டுட்டு உள்ளதை மட்டும் எடுத்தாங்க. அட்டை பூரா அழுக்கு, வேணாம்னாங்க. நான்தான் பழையபடி மாட்டி வச்சேன்."

அட்டையைக் கையைவிட்டுக் கொடுக்காமல் அவரே பக்கத்துக் கடைக்கு எடுத்துப்போனார். கடைக்காரரைத் தொடவிடவில்லை, தானே இயந்திரத்தில் வைத்து நகல் எடுத்தார். கிளினிக் முத்திரை குத்தி, நேரம் போட்டு, உறையில் வைத்து ஒட்டிக் கொடுத்தார். மணி மூன்று இருபது. இப்படி ஓர் எழுத்தர் என் பிரிவில் இருந்தால் என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில் வாகனங்கள் நின்றுவிட்டன. முன்னால் ஒரு லோரியின் பின்கதவு திறந்துகொண்டு செம்பனைக் குலைகள் சாலை முழுக்க உருண்டு கிடந்தன. ஒவ்வொன்றும் பெரிய பலாப்பழம் அளவு, முள்ளோடு. மணி மூன்று ஐம்பது. யாரும் இறங்கவில்லை. குணா இறங்கினார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, நின்ற லோரிகளின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டினார். எட்டுப் பேர் சேர்ந்தார்கள். கொக்கியால் குத்திக் குத்தி ஓரத்துக்குத் தள்ளினார்கள். நடுவில் ஒருவர் மலாயில் அவரிடம் என்ன அவசரம் என்று கேட்க, குணா மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொன்னார். திலகா எனக்குச் சொன்னார்: "என் பொண்டாட்டிக்கு மருந்து இல்ல, மருந்து பேரு கொண்டு போறேன்றாரு."

இருபத்திரண்டு நிமிடத்தில் ஒரு தடம் திறந்தது. குணா சட்டையெல்லாம் எண்ணெய்க் கறையோடு ஏறிக்கொண்டார்.

நாலு ஐம்பதுக்கு உறை மயக்க மருந்து டாக்டர் கையில் இருந்தது. பிரித்துப் படித்தார். புஷ்பாவின் தாளை எடுத்து, அறுவைக்குப் பின் வலிக்குக் கொடுக்க என்று எழுதியிருந்த ஒரு வரியை அடித்தார். அடிப்பதற்கு முன் அந்த வரியை நான் பார்த்துவிட்டேன். அதே பெயர். வேறொன்றை எழுதி, நாளை எட்டு மணி என்று நர்சிடம் சொன்னார்.

புஷ்பா குணாவின் சட்டையைப் பார்த்து, "இத யாரு துவைப்பா?" என்றார்.

(அறுவை நல்லபடியாக முடிந்தது. செய்தி எனக்கு வியாழன் மதியம் வந்தது. இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

மருத்துவமனை வாசலிலேயே நின்று திலகா மூன்று வட்டாரங்களுக்கும் செய்தி அனுப்பினார். குடும்பக் கோப்பு வைத்திருக்கும் கிளினிக் எல்லாம் மேலட்டைகளை எடுத்து வையுங்கள், ஒத்திவைத்ததை வெள்ளிக்கிழமையே பார்ப்போம், ஆன்டி மெய்யை நான் போய் அழைத்து வருகிறேன். பத்து நிமிடத்துக்குள் எல்லாரிடமிருந்தும் பதில் வந்தது. தப்பு தங்களுடையது என்று அவர் எழுதியிருந்ததை நான் கவனித்தேன்.

அறைக்கு வந்து நான் கொடுக்க வேண்டிய ஒரு பக்கத்தை எழுதினேன். சேரலாம் என்று எழுதினேன். கோப்புகள் எங்களிடமே இருக்க வேண்டும், வாரம் ஒரு நாள் எழுத்தர்கள் கூட வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள். பிறகு டயரியையும் எழுதி முடித்துப் படுத்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். நேற்றைய பக்கத்தை எடுத்தேன். ஆன்டி மெய் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதியிருந்தேன். அட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளதை மட்டும் எடுத்தார்கள் என்ற இடத்தில் நின்றேன். மறுபடி படித்தேன். எங்கள் டாக்டர்களும் மேலேதான் எழுதுவார்கள். சிவப்பு மை, நீல மை, சில சமயம் மாத்திரை அட்டையையே பின் குத்தி வைத்திருப்பார்கள். ஷெட்டில் கிடப்பவற்றில் எத்தனையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. ஓரங்கள் நைந்திருந்தன என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது.

ஊரில் மணி மூன்று பத்து. முருகேசனை அழைத்தேன். இரண்டாம் முறை எடுத்தார்.

"மேடம்? யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. பேப்பர்காரர் வண்டி எத்தனை மணிக்கு?"

"ஆறு மணிக்கே வந்துடுவாரு மேடம். நைட்டே எல்லாத்தையும் கட்டி வச்சுட்டேன்."

"கட்டைப் பிரிச்சுடுங்க. ஒரு அட்டைகூட வெளிய போகக் கூடாது. இப்பவே போய் ஷெட்டைப் பூட்டுங்க."

"இப்பவேவா மேடம்?" என்றார். "நாளைக்குக் கொடியேத்தம். டிரஸ்ட் தலைவர் பின்பக்கம் பாக்க வருவாரு. என்ன சொல்றது?"

"நான் போட்ட கையெழுத்து தப்புன்னு சொல்லுங்க."

அவர் விளக்கைப் போடுவதும், சைக்கிள் சாவி எங்கே என்று யாரையோ எழுப்பிக் கேட்பதும் கேட்டது. போனை வைத்தேன். அதற்குப் பிறகு பல் துலக்கினேன்.